திருச்சியில் தங்கை கல்யாணம்: மண்டபக்காரரின் மொத்த பேக்கேஜா, தனித்தனியாகவா?

பொன்மலைப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு வரும் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. திருச்சியில்தான். மாப்பிள்ளை வீடு புதுக்கோட்டைப் பக்கம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை 9 முதல் 10.30க்குள் முகூர்த்தம், மதியச் சாப்பாட்டோடு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தான். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒரு தடவைதான் ஊருக்குப் போக முடிகிறது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போன வருடம் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. என் கல்யாணத்துக்கு வாழை இலையிலிருந்து தாம்பூலப் பைத் தேங்காய் வரைக்கும் அவரே காந்தி மார்க்கெட்டுக்கு நடந்து நடந்து வாங்கினார். இந்தத் தடவை அது முடியாது, அதனால்தான் மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று யோசிக்கிறோம். மூன்று கணக்கு கையில் இருக்கிறது.

முதலாவது, மண்டபக்காரரே தரும் பேக்கேஜ், 8,50,000 ரூபாய். முதல் நாள் மதியம் 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரை மண்டபம், 12 அறை, ரிசப்ஷன் விருந்து 500 இலை, காலை டிபன் 300, முகூர்த்தச் சாப்பாடு 500, மேடை அலங்காரம், நாதஸ்வரம், போட்டோ, வீடியோ எல்லாம் இதில் அடக்கம். ஆனால் கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, ஜிஎஸ்டி தனி என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

இரண்டாவது, ஒரு கல்யாண கான்ட்ராக்டர். மண்டபத்தை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும், மீதி எல்லாம் அவர் பொறுப்பு, 7,40,000. மண்டப வாடகை 1,80,000 சேர்த்தால் 9,20,000 ஆகிறது. பத்திரிகை அடிப்பது, ஐயர், மாலை, கல்யாணத்தைப் பதிவு செய்து கொடுப்பது வரை இவர் கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது, சித்தப்பா போட்ட கணக்கு. சமையல், பூ, போட்டோ என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிடித்தால் 7,80,000க்குள் முடியும் என்கிறார். முடியலாம், ஆனால் ஓட ஆள் வேண்டுமே.

மண்டபக்காரர் இந்த மாதமே பாதிப் பணம் கட்டச் சொல்கிறார், ஆடி முடிந்தால் இந்த விலைக்குத் தர முடியாதாம். அப்பாவுக்கு இருப்பது ஓய்வுக்கால சேமிப்பு மட்டும்தான், அவர் ஆசையும் ஒன்றுதான்: வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டுப் போக வேண்டும். இந்த மாதிரி பேக்கேஜில் கல்யாணம் செய்தவர்கள், எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், எதை வெளியே வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை

முதலில் வாழ்த்துகள்மா. இரண்டு வருடம் முன்னால் மகள் கல்யாணத்தை மதுரையில் இதே போன்ற மண்டப பேக்கேஜில்தான் நடத்தினேன். நான் இலைக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உன் பணத்தில் பெரும் பகுதி அங்கேதான் போகப் போகிறது.

எங்கள் ஒப்பந்தத்தில் ரிசப்ஷனுக்குக் குறைந்தது 500 இலை, முகூர்த்தத்துக்குக் குறைந்தது 500 இலை, ஒரு இலை 320 ரூபாய். அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள், எங்கள் சொந்தத்துக்குள்ளேயே மூன்று கல்யாணம். அதனால் பாதிப் பேர் முதல் நாள் சாயங்காலமே வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு, காலையில் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ரிசப்ஷனில் 610 இலை விழுந்தது, மதியம் 400தான். இரண்டையும் கூட்டினால் 1,010, பேசியதைவிடப் பத்து இலைதான் அதிகம். ஆனால் மதியம் யாரும் சாப்பிடாத 100 இலைக்கான 32,000 ரூபாயும் போனது, ராத்திரி கூடுதலாக விழுந்த 110 இலைக்கு, கூடுதல் இலை என்றால் 420 ரூபாய் என்று விலை போட்டு, 46,200 ரூபாய் தனியாகவும் வாங்கினார்கள். இரண்டு வேளையும் சேர்த்து 1,000 இலை, அதற்கு மேல் போனாலும் அதே விலை என்று முன்னாலேயே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் கூடுதலாக 3,200 ரூபாயோடு முடிந்திருக்கும். அந்த ஒரு வரியை நீ எழுதி வாங்கு.

அடுத்தது, இலையை யார் எண்ணுவது. இதில் எங்களுக்கு ஒரு நல்லது நடந்தது. என் மச்சான் கூட்டுறவு வங்கியில் இருந்தவர், கணக்கில் கறார். ரிசப்ஷன் அன்றைக்குச் சாப்பாட்டு ஹால் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பந்திக்குப் பந்தி எழுதினார். ஹாலில் ஒரு பந்திக்கு 120 பேர். முதல் மூன்று பந்தி நிரம்பியது, நான்காவது 116, ஐந்தாவது 98, ஆறாவதில் 36. மொத்தம் 610. ராத்திரி பதினொன்றரைக்கு சூப்பர்வைசர் 660 என்று எழுதிக்கொண்டு வந்தார். எப்படி என்று கேட்டால், ஐந்து பந்திக்கு 120 வீதம் 600, கடைசிப் பந்திக்கு 60 இலை விரித்தோம் என்கிறார். அதாவது அவர் விரித்த இலையை எண்ணுகிறார், நாங்கள் உட்கார்ந்த ஆளை எண்ணுகிறோம். அந்த 50 இலைக்கு 420 வீதம் 21,000 ரூபாய். நோட்டைக் காட்டிய பிறகுதான் குறைத்தார்கள். விரித்த இலை கணக்கா, சாப்பிட்ட இலை கணக்கா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல். குழந்தைகள், டிரைவர்கள், மேளக்காரர்கள், போட்டோக்காரர்கள் சாப்பிடுவது யார் கணக்கில் என்பதையும் கேட்டுவிடு.

அடுப்படி

சகோதரி, நான் 22 வருடமாகக் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி மூன்று பக்கமும் போயிருக்கிறேன். எங்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள்.

மேலே ஐயா சொன்ன கூட்டுக் கணக்கு நியாயமானது, கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் குறைந்தபட்ச இலை என்பதே வேண்டாம் என்று கேட்காதீர்கள். 500 என்று சொன்னால் 500க்குத்தான் காய் வாங்குகிறோம், பால் சொல்கிறோம், பரிமாற ஆள் கூட்டி வருகிறோம். மதியம் 300 பேர்தான் வந்தார்கள் என்பதற்காக நறுக்கிய காயைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது, எதிர்பார்ப்பதில் முக்கால் பங்கை மட்டும் குறைந்தபட்சமாக எழுதிவிட்டு, நான்கு நாள் முன்னால் கடைசி எண்ணிக்கையைச் சொல்வேன் என்று பேசிக்கொள்வது. 500 பேர் வருவார்கள் என்று நினைத்தால் 375, 400 என்று எழுதுங்கள். நல்ல சமையல்காரன் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஐம்பது அறுபது பேருக்குத் தாங்கும்படிதான் அடுப்பில் வைப்பான், யாரும் பசியோடு போக மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்கச் சொல்வது, யார் சமைக்கிறார் என்பது. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே முகூர்த்தத்தில் ஒரு கான்ட்ராக்டர் மூன்று நான்கு கல்யாணம் எடுப்பார். அவருடைய நல்ல தலைமைச் சமையல்காரர் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும், மீதி இடங்களுக்கு ஆள் வெளியிலிருந்து வரும். உங்கள் கல்யாணத்துக்கு வரும் தலைமைச் சமையல்காரர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் இன்னும் ஆள் முடிவாகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ருசி பார்க்க ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு தட்டில் நான்கு பதார்த்தம் வைத்துக் கொடுப்பார்கள். அது பத்துப் பேருக்குச் சமைத்தது, அதில் ஒன்றும் தெரியாது. ஆவணி பிறந்ததும் அவர் எடுத்திருக்கும் ஒரு கல்யாணத்துக்கு, அந்த வீட்டாரிடம் அவர் மூலமாகவே சொல்லிவிட்டு, போய் உட்காருங்கள். முதல் பந்தியில் உட்காராதீர்கள், மூன்றாவது பந்திக்குப் போங்கள். ரசம் ஆவியோடு வருகிறதா, வடை அப்போது எடுத்ததா, முதல் பந்திக்குப் போட்டதையே போடுகிறார்களா, இரண்டாவது தடவை கூட்டு கேட்டால் ஆள் திரும்பிப் பார்க்கிறானா என்று பாருங்கள். 120 பேர் பந்திக்குப் பரிமாற 15 பேராவது வேண்டும், எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று எண்ணுங்கள். சமையல் சுமாராக இருந்தாலும் பரிமாறல் நன்றாக இருந்தால் ஜனங்கள் திருப்தியாக எழுந்திருப்பார்கள். சமையல் பிரமாதமாக இருந்து சாம்பார் வருவதற்குள் சோறு ஆறிவிட்டால் வைதுகொண்டே எழுந்திருப்பார்கள்.

மெனுவை "இனிப்பு இரண்டு, பொரியல் இரண்டு" என்று விடாதீர்கள். எந்த இனிப்பு, எந்தப் பாயசம், எந்தக் காய் என்று பெயர் போட்டு எழுதுங்கள். அவியல் என்று எழுதியிருந்தால் அவியல்தான் வர வேண்டும், அன்றைக்குக் காய் விலை ஏறிவிட்டது என்று கூட்டாக மாறக் கூடாது. பருப்புக்கு ஊற்றுவது நெய்யா என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டிலா, கேன் தண்ணீரை டம்ளரில் ஊற்றுவதா, கேஸ் சிலிண்டர் யார் கணக்கு, பாத்திர வாடகை யார் கணக்கு, இதெல்லாம் எழுத்தில் வரட்டும். மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, இன்னும் சில இடங்களில் அதையே போட்டு ஒப்பேற்றுகிறார்கள். காபிக்கு எவர்சில்வர் டம்ளர் கேளுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், 14 இலக்க எண் பில்லில் இருக்கும்.

மீதமாகும் சாப்பாடு உங்களுடையது என்றும் எழுதிவிடுங்கள். நீங்கள் காசு கொடுத்தது. பக்கத்தில் இருக்கிற ஆதரவற்றோர் இல்லத்துக்கு முன்னாலேயே சொல்லி வைத்தால் வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்வார்கள்.

பொன்மலைப்பெண்

வைகைக்கரை ஐயா, அடுப்படி அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. விரித்த இலை, சாப்பிட்ட இலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இன்னொன்று கேட்க விட்டுப் போனது. அப்பாவுக்குத் தெரிந்த லால்குடி சமையல்காரர் ஒருவர் இருக்கிறார், என் கல்யாணத்துக்கு அவர்தான். அவரைக் கூட்டி வரலாமா என்று கேட்டால், வெளிச் சமையல் என்றால் ராயல்டி 40,000 என்று மண்டபத்தில் சொல்கிறார்கள். இது வழக்கம்தானா?

அடுப்படி

வழக்கம்தான். தங்கள் சமையலை விடக் கூடாது என்பதற்காகப் போடுவது. அலங்காரத்துக்கும் சில இடங்களில் உண்டு. மண்டபத்தை முடிவு செய்வதற்கு முன்னால் பேசினால் குறையும், முன்பணம் கட்டிவிட்டுப் பேசினால் ஒரு ரூபாய் குறையாது. ஆடியில் அவர்களுக்கு வேலை கிடையாது, பேசிக் குறைக்க நேரம் இருப்பது உங்களுக்குத்தான். அதனால் அவசரப்படாதீர்கள்.

மஞ்சள்குங்குமம்

அக்கா, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் எல்லாமே ஒரே பேக்கேஜில் கொடுத்தோம். சாப்பாடு, மண்டபம், மேளம் எதிலும் குறையில்லை. ஆனால் போட்டோவை மட்டும் தயவுசெய்து வெளியே எடுத்துவிடுங்கள்.

பேக்கேஜில் இருக்கும் போட்டோக்காரர் யார் என்று அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. ஆபீசில் காட்டிய ஆல்பம் வேறொருவர் எடுத்தது. அவர் மேடையை விட்டு இறங்கவே இல்லை. எங்கள் ஆயாவுக்கு 86 வயது, அவரைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, நான் இறங்கி வந்து காலில் விழுந்தேன், அவர் என் தலையில் அட்சதை போட்டுக் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினார். மூன்று மாதத்தில் ஆயா போய்விட்டார். ஆல்பம் வந்ததே எட்டாவது மாதம், அதில் அந்தப் படம் இல்லை. எடுத்த எல்லாப் படங்களும் உள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டால் அது பேக்கேஜில் வராது, தனியாக 15,000 என்றார்கள். கொடுத்து வாங்கிப் பார்த்தோம். அப்போதும் இல்லை. பெரியப்பா பையன் செல்போனில் எடுத்த ஒரு மங்கலான படம்தான் இருக்கிறது, அதைத்தான் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

அதனால் உங்கள் தங்கைக்குப் பிடித்த போட்டோக்காரரைத் தனியாகப் பிடியுங்கள். அவர் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள், பொறுக்கி எடுத்த இருபது படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாப் படங்களும் ஒரு மாதத்துக்குள் ஹார்ட் டிஸ்க்கில், ஆல்பம் மூன்று மாதத்துக்குள், கால் பங்குப் பணம் ஆல்பம் கைக்கு வந்த பிறகு என்று எழுதிக்கொள்ளுங்கள். யார் யாரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, சொந்தக்காரர்களைத் தெரிந்த ஒரு தம்பியையோ தங்கையையோ அவர் கூடவே விடுங்கள்.

அலங்காரத்திலும் ஒன்று. கேட்டலாக்கில் பின்னால் முழுக்க ரோஜாப்பூ சுவர் மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் பின்னால் முழுக்கத் துணிப் பூ, முன்னால் இரண்டு வரிசை மட்டும்தான் நிஜப் பூ. எது நிஜப் பூ, எத்தனை அடி என்று கேளுங்கள். உங்களுக்குத் தை மாதம் வேறு. பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து, முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். மாலை, சடை நாகம், தலைக்குப் பூ எல்லாம் பேக்கேஜில் உண்டு என்றால் எத்தனை முழம், எத்தனை மாலை என்று எண்ணிக்கை போட்டு எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அன்றைக்குக் காலையில் உங்கள் கையில்தான் கேட்பார்கள்.

உறையூர்

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் பேக்கேஜில் இருக்கும் ஓட்டைகளைச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் சரிதான், ஆனால் இதைப் படித்துவிட்டுத் தனித்தனியாகச் செய்யலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். என் அக்கா கல்யாணத்தை நாங்கள் அப்படித்தான் செய்தோம். சமையல் ஒருவர், பூ ஒருவர், பந்தல் ஒருவர், மேளம் ஒருவர், வேன் ஒருவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 70,000 ரூபாய் மிச்சம். அன்றைக்குக் காலை 5 மணிக்குப் பூக்காரர் போனை எடுக்கவில்லை, ஆறரைக்கு நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியில் போய் மாலை வாங்கி வந்தேன். அதற்குள் வேன்காரர் கூடுதல் டிரிப்புக்குக் காசு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டு ஆட்களை ஏற்றுவேன் என்று நிற்கிறார். அப்பா அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே கெட்டிமேளம் கேட்டதும்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் ஓடி வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது.

அவர் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் கல்யாண வீடியோவைப் போட்டால் அந்த இடம் வரும்போது எழுந்து போய்விடுவார்.

உங்கள் அப்பா முழங்கால் ஆபரேஷன் ஆனவர், வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது, நீங்கள் சென்னையில். 70,000, ஒரு லட்சம் கூடினாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள். முகூர்த்த நேரத்தில் உங்கள் அப்பா மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் கையில் சாவிக் கொத்தோ பணப் பையோ போனோ இருக்கக் கூடாது. கணக்குப் பார்க்க, ஆளை விரட்ட, சித்தப்பாவை முழு நேரமாக நியமியுங்கள்.

நொய்யல்

கோவையில் வழக்கறிஞராக இருக்கிறேன், கல்யாண மண்டப வழக்குகள் சில பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வாய்ப் பேச்சால் வருகிற வம்புதான்.

முன்பணம் பாதி என்பது அதிகம். இப்போது 20 சதவீதம், ஒரு மாதம் முன்னால் 30, முதல் நாள் 40, மீதி 10 எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு என்று கேளுங்கள். அந்தக் கடைசி 10 உங்கள் கையில் இருக்கிற வரைக்கும்தான் அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

தேதி மாறினால், கல்யாணம் நின்றால் முன்பணம் என்னவாகும் என்று கட்டாயம் எழுத வேண்டும். 2020இல் ஊரடங்கு வந்து கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனபோது, எத்தனையோ குடும்பங்கள் மண்டபத்துக்குக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க அலைந்தன. அரசு உத்தரவாலோ வெள்ளத்தாலோ நடக்க முடியாமல் போனால் வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா, பணமாகத் தருவார்களா, எத்தனை நாளில் என்று இருக்கட்டும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் மண்டப வாடகைக்கு 18 சதவீதம், சாப்பாட்டுக்கு விகிதம் வேறு. எனவே 8,50,000இல் வாடகை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, அலங்காரம் எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள், வரியோடு சேர்த்துக் கடைசித் தொகை என்ன என்பதும் அதிலேயே வரட்டும். பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி கிடையாது என்பார்கள். அதற்குச் சம்மதித்தால் நாளைக்குத் தகராறு வரும்போது உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. பில்லும் ஒப்பந்தமும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள்.

கரண்டுக்கு ஒரு சின்ன வேலை. மண்டபச் சாவி வாங்கும்போதே மீட்டரையும் ஜெனரேட்டர் மணிக் கணக்கையும் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள், காலி செய்யும்போது மறுபடியும் எடுங்கள். யூனிட் எவ்வளவு, ஏசி எத்தனை மணி நேரம் பேக்கேஜில் அடக்கம் என்று கேளுங்கள். ரிசப்ஷனுக்கு மூன்று மணி நேரம், முகூர்த்தத்துக்கு மூன்று மணி நேரம் என்று மட்டும் வைத்திருப்பார்கள், அதற்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு என்று ஏறும்.

கான்ட்ராக்டர் கல்யாணத்தைப் பதிவு செய்து கொடுப்பது பெரிய விஷயமில்லை. 2009ஆம் வருடச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் இன்னும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு உண்டு. பத்திரிகை, மண்டப ரசீது, வயது, முகவரிச் சான்றுகள், சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே முடித்துவிடலாம், அரசுக் கட்டணம் சொற்பம்தான். அதற்கென்று பேக்கேஜில் ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் கழித்துவிடச் சொல்லுங்கள். மண்டப ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பொன்மலைப்பெண்

எல்லோருக்கும் நன்றி. உறையூர் எழுதியதைப் படித்துவிட்டு ஆபீசில் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பாவும் மண்டபத்துக்குப் போய் இரண்டரை மணி நேரம் பேசினோம்.

ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் சேர்த்து 800 இலை குறைந்தபட்சம், டிபனுக்கு 225, கூடுதல் இலைக்கும் அதே விலை, சாப்பிட்ட இலைதான் கணக்கு, இரண்டு பக்கமும் ஆள் வைத்து எண்ணிப் பந்திக்குப் பந்தி கையெழுத்து, இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார்கள். போட்டோ வீடியோவை எடுத்துவிட்டதில் 1,10,000 குறைந்தது, தங்கை அந்தப் பணத்தில் அவளுக்குப் பிடித்தவரைப் பார்க்கிறாள். 200 பேர் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவதால் டிபன் காலை ஆறரைக்கே தயாராக வேண்டும் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறோம். முன்பணத்தில் இழுபறி, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்கள், கடைசி 10 சதவீதத்தைக் கணக்கு முடிந்த பிறகு தருவதற்குச் சரி என்றுவிட்டார்கள். தேதி மாற்றத்துக்கு ஒரு வருடத்துக்குள் வேறு தேதி தருவார்களாம், பணமாகத் திரும்பக் கிடையாது. அதை மட்டும் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

சமையல்காரர் பெயரை எழுதச் சொன்னபோது மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் அதே ஆள் அங்கே ஒரு கல்யாணம் செய்கிறார், அந்த வீட்டாரிடம் சொல்லி வைக்கிறேன், வந்து சாப்பிட்டுப் பாருங்கள், பிடித்திருந்தால் பெயர் போட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றார். அதுவரை பணம் கட்டவில்லை, இந்த விலையிலேயே நிற்கும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பாவும் வருகிறேன் என்கிறார். அன்றைக்கு லால்குடி சமையல்காரரையும் கூட அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் போகிறாராம். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

அடுப்படி

நல்ல யோசனை. அவர் ஒரு வாய் ரசம் குடித்தாலே சொல்லிவிடுவார். மூன்றாவது பந்தி, மறந்துவிடாதீர்கள்.